பழைய டீசல் சொகுசு கார்: விலை குறைவுதான், செலவு?

கரும்புப் பணம் கைக்கு வந்தாலும் சரி, மரவள்ளிக்கிழங்கு நல்ல விலைக்குப் போனாலும் சரி, சிங்கப்பூரிலிருந்து தம்பி பணம் அனுப்பினாலும் சரி, வீட்டுக்காரருக்கு முதலில் வருகிற ஆசை கார்தான். அதுவும் சாதாரண கார் இல்லை. சினிமாவில் கதாநாயகன் வந்து இறங்குவானே, அந்த மாதிரி நீளமான, டிக்கி வைத்த, தோல் சீட் போட்ட வெளிநாட்டுக் கம்பெனி கார்! 'புதுசு எதுக்கு? செகண்ட் ஹேண்டிலேயே சல்லிசா கிடைக்குது' என்று சிநேகிதர்கள் தூபம் போடுவார்கள். புரோக்கர் தம்பி வாசலுக்கே வந்து, "அண்ணி, புதுசா எடுத்தா அரைக் கோடிங்க. அண்ணனுக்காகப் பத்தே லட்சத்துக்கு முடிச்சுத் தர்றேன். டீசல் வண்டி, செலவே இல்லை" என்பார்.

இந்த இடத்தில்தான் குடும்பத் தலைவி வாய் திறக்க வேண்டும். "எனக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?" என்று அடுக்களைக்குள் போய் விடாதீர்கள். காரைப் பற்றித் தெரியாவிட்டாலும் வீட்டுக் கணக்கு உங்களுக்குத் தெரியும். பழைய சொகுசு கார் விஷயத்தில் இன்ஜினை விடக் கணக்குதான் முக்கியம். யானையை மலிவாக யாராவது கொடுத்து விடலாம். தினமும் தீனி போடுவது யார்?

ஏன் இத்தனை மலிவு?

நம் நாட்டில் ஜெர்மன் சொகுசு கார்கள் தயாராக ஆரம்பித்தது 1995-ல். புனேயில் டெல்கோ தொழிற்சாலையில் மெர்ஸிடிஸ் பென்ஸ் இ கிளாஸ் கார்களைப் பூட்ட ஆரம்பித்தார்கள். அதிலேயே டீசல் வண்டியும் இருந்தது. 2007-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி நம் சென்னைக்கு அருகே, செங்கல்பட்டு பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் தொழிற்சாலை திறந்தது. 320டி, 520டி போன்ற டீசல் கார்கள் அங்கிருந்துதான் வெளிவந்தன. ஆக, தியாகதுருகத்தில் ஓடுகிற பழைய பி.எம்.டபிள்யூ. அநேகமாக நம் தமிழ்நாட்டில் பூட்டியதாகவே இருக்கும்.

அப்போது டீசல் காருக்கு அத்தனை மவுசு. காரணம் விலை. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! பிறகு 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு முழுவதுமாக எடுத்து விட்டது. 2025-ல் சென்னையில் பெட்ரோல் ஏறத்தாழ 101 ரூபாய், டீசல் ஏறத்தாழ 92 ரூபாய். வித்தியாசம் 9 ரூபாய்தான்.

இன்னொரு காரணம் டெல்லி. 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவு போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பயந்து போன சொந்தக்காரர்கள் வந்த விலைக்கு விற்றார்கள். அந்தக் கார்கள் மற்ற மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. ஆனாலும் பழைய டீசல் காருக்கு விழுந்த விலை எழுந்து விடவில்லை.

ஆக, கார் மலிவாகக் கிடைப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. விலைதான் குறைந்தது. ஆனால் அந்தக் காரின் உதிரி பாகங்களின் விலை குறையவில்லை. அரைக் கோடி ரூபாய்க் காருக்கு உரிய விலையில்தான் இன்றும் விற்கின்றன. வாங்குகிறவர் மனசில் பத்து லட்ச ரூபாய் கார்; ஒர்க்‌ஷாப் பில்லில் ஐம்பது லட்ச ரூபாய் கார். இதை மட்டும் மறக்காதீர்கள்.

கணக்கு நோட்டை எடுங்கள்

மாதம் 1,000 கிலோ மீட்டர் ஓட்டுவதாக வைத்துக் கொள்வோம்.

டீசல் சொகுசு கார் லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் கொடுத்தால் 67 லிட்டர் வேண்டும். மாதம் சுமார் 6,150 ரூபாய்.

அதே அளவுள்ள பெட்ரோல் சொகுசு கார் லிட்டருக்கு 10 கிலோ மீட்டர் கொடுத்தால் 100 லிட்டர். மாதம் 10,100 ரூபாய்.

லிட்டருக்கு 17 கிலோ மீட்டர் கொடுக்கும் சின்ன பெட்ரோல் கார் என்றால் 59 லிட்டர். மாதம் சுமார் 5,950 ரூபாய்.

பார்த்தீர்களா? பெட்ரோல் சொகுசு காரோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு 47,000 ரூபாய் மிச்சம். அது நிஜம். ஆனால் சின்ன காரோடு ஒப்பிட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லை! 'டீசல் வண்டி, செலவே இல்லை' என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. மாதம் 500 கிலோ மீட்டர் கூட ஓட்டாத வீட்டில், அந்த 47,000-மும் பாதியாகி விடும். ஒரு தடவை இன்ஜெக்டர்களோ டர்போவோ மாற்ற நேர்ந்தால், வருஷக் கணக்கில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் கரைந்து போகும்.

இன்ஷூரன்ஸையும் சேர்த்துக் கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும், 2022-ல் அரசு வைத்த விகிதப்படி, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு வருஷம் 7,897 ரூபாய். 1,000 சி.சி. வரை உள்ள சின்ன காருக்கு 2,094 ரூபாய்தான். ரன் ஃபிளாட் டயர் போட்ட கார் என்றால் நான்கு டயரும் மாற்றும்போது பில் லட்சத்தை நெருங்கும்.

ஆகவே ஒரு விதி வைத்துக் கொள்ளுங்கள். கையில் இருக்கிற பணம் முழுவதையும் காருக்குக் கொடுக்காதீர்கள். கார் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாகத் தபால் ஆபீசிலோ பாங்கிலோ போட்டு வையுங்கள். பத்து லட்ச ரூபாய் காருக்கு இரண்டு லட்சம். அந்தப் பணம் காருக்கு மருத்துவ நிதி. அது இல்லாமல், தாலிக் கொடியை அடகு வைத்துத்தான் வாங்க முடியும் என்றால், அந்தக் கார் நமக்கு இல்லை. தைரியமாகச் சொல்லுங்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு ஒத்து வருமா?

டீசல் காருக்கு ஒரு சுபாவம் உண்டு. நீண்ட தூரம், சீரான வேகம், இது அதற்குப் பிடிக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கிலோ மீட்டரில் திரும்பி வருவது பிடிக்காது.

காரணம் இதுதான். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். அதற்கு முந்திய ஜெர்மன் கார்கள் சிலவற்றிலும் உண்டு. நம் வீட்டுக் காப்பி வடிகட்டியில் சக்கை சேர்ந்தால் தட்டிக் கழுவுகிறோம் அல்லவா? இந்த வடிகட்டி தன்னைத் தானே சூடாக்கி, சேர்ந்த கரியை எரித்துக் கொள்ளும். ஆனால் அந்தச் சூடு வர, கார் இருபது நிமிஷமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றினால் கரி அடைத்துக் கொண்டு விளக்கு எரியும். புது வடிகட்டி போடுவதற்குள் வீடே ஆட்டம் கண்டு விடும்.

இந்த விஷயத்தில் தியாகதுருகத்துக்காரர்களுக்கு அதிர்ஷ்டம்தான். சேலத்தையும் உளுந்தூர்பேட்டையையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. சேலம் ஆஸ்பத்திரிக்கோ சென்னைக்கோ அடிக்கடி போய் வரும் குடும்பம் என்றால் டீசல் பொருந்தும். மாதத்துக்கு இரண்டு கல்யாணம், வாரத்துக்கு ஒரு சந்தை, அதோடு சரி என்றால் பெட்ரோல் சின்ன காரே போதும்.

புது மாடல் டீசல் கார்கள் பலவற்றில் இன்னொரு தொட்டியும் இருக்கும். ஆட்ப்ளூ அல்லது டெஃப் என்ற திரவம் அதில் ஊற்ற வேண்டும். நூற்றுக்கு 32.5 பங்கு சுத்தமான யூரியாவும், மீதி உப்பு நீக்கிய தண்ணீரும் சேர்ந்தது அது. 'யூரியாதானே, வயலுக்குப் போடுறது மூட்டை மூட்டையா கிடக்குதே, கரைச்சு ஊத்திடலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். வயல் யூரியாவில் இருக்கும் மற்ற சேர்மானங்கள் அந்த இயந்திரத்தையே நாசம் செய்து விடும். பங்க்கில் கேனில் விற்பதைத்தான் ஊற்ற வேண்டும். அது தீர்ந்து போனால் கார் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கார்கள் தாழ்வானவை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் போகும் பாதையில் ஐந்து பேரும் சாமானுமாக ஏறினால் அடி தட்டும். போதாக்குறைக்குப் பல மாடல்களில் ஸ்டெப்னியே கிடையாது. ரன் ஃபிளாட் டயர் காற்றுப் போனாலும் மெதுவாகச் சுமார் 80 கிலோ மீட்டர் ஓடும் என்பார்கள். ஓடும்தான். ஆனால் அந்த டயர் நம் ஊர்க் கடையில் கிடைக்க வேண்டுமே!

எந்தக் காருக்கு என்ன நோய்?

மனிதர்களுக்குப் பரம்பரை வியாதி இருப்பது போல கார்களுக்கும் உண்டு. பார்க்கப் போகும் மாடலுக்கு என்ன வியாதி என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

2007 முதல் சில வருஷங்கள் வந்த பி.எம்.டபிள்யூ. 2 லிட்டர் டீசல் இன்ஜினில், என்47 என்று அதற்குப் பெயர், டைமிங் செயின் தேய்வது உலகம் முழுவதும் தெரிந்த குறை. அந்தச் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர் பாக்ஸ் ஓரத்தில் இருக்கிறது. ஆகவே அதை மாற்ற வேண்டுமென்றால் பெரிய பிரசவமே பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கத்திலிருந்து கரகரவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் அங்கேயே கும்பிடு போட்டு விடுங்கள்.

2018-ல் தென் கொரியாவில் 520டி உள்படப் பல பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் ஓடும்போதே தீப்பிடித்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். புகையைக் குளிர வைக்கும் இ.ஜி.ஆர். கூலர் என்ற பாகத்தில் ஏற்பட்ட கசிவுதான் காரணம் என்று தெரிந்தது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி புகைப் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்தது 2015-ல் அம்பலமானது. இந்தியாவில் மட்டும் 3 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த வருஷக் கடைசியில் அறிவித்தார்கள்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. 'இந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு வந்ததா? வேலை முடிந்ததா?' என்று கேட்கத்தான். சேஸிஸ் நம்பரைச் சொன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொல்லி விடுவார்கள். ஆட்டோமேடிக் காராக இருந்தால் கியர் பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். 'அது ஆயுசுக்கும் மாத்த வேணாங்க' என்பார்கள். பி.எம்.டபிள்யூ.வுக்கு 8 கியர் ஆட்டோமேடிக் பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். கம்பெனியே 80,000 கிலோ மீட்டரிலிருந்து 1,20,000-க்குள் மாற்றச் சொல்கிறது.

பார்க்கப் போகும்போது நீங்களும் போங்கள்

இவற்றுக்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை. கண், காது, மூக்கு போதும்.

1. காலையில், பகல் வெளிச்சத்தில் போங்கள். 'நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினின் கோளாறை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

2. ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரைப் பாருங்கள். நிற்காத கறுப்புப் புகை இன்ஜெக்டர், டர்போ கோளாறைக் காட்டும். நீலப் புகை ஆயில் எரிவது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று பார்க்க வேண்டும்.

3. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் ஏடு மாதிரி படிந்திருந்தால் வேண்டாம்.

4. மீட்டரில் 60,000 கிலோ மீட்டர். ஆனால் ஸ்டியரிங் பளபளவென்று வழவழத்து, பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து, டிரைவர் சீட் அமுங்கி இருக்கிறதா? மீட்டரைத் திருப்பி இருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் பதிவுகளோடு ஒத்துப் பாருங்கள்.

5. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3419 என்றால் 2019-ம் வருஷத்தின் 34-வது வாரம் செய்தது. எவ்வளவு பழசு என்று அதுவே சொல்லி விடும்.

6. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கி விட்டார்கள். ஏர்பேக்கும் இல்லாமல் இருக்கலாம்.

7. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே மண் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற கார். தரை விரிப்பைத் தூக்கி, சீட்டின் அடி போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். அத்தர் வாசனை தூக்கலாக அடித்தால் எதையோ மூடுகிறார்கள்! 2015-லும் 2023-லும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின! 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம் பக்கமே வெள்ளக்காடானது. அப்படி மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்துச் சந்தைக்குக் கொண்டு வருகிறவர்கள் உண்டு.

கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போய் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விற்கிறவரின் மெக்கானிக் வேண்டாம். சில ஆயிரம் ரூபாய் செலவானாலும் லட்சங்களைக் காப்பாற்றும்.

ஆர்.சி. யார் பேரில்?

"கார் உன் பேரில்தாம்மா" என்று சொன்னால் சந்தோஷம்தான். ஆனால் பேர் போட்டவருக்கே பொறுப்பும். பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லி இருக்கிறது. ஆகவே பழைய காரை விற்றாலும் சரி, வாங்கினாலும் சரி, பேர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29-ம் 30-ம் இதற்குத்தான். இன்ஷூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால், மோதியது உங்கள் காராக இருக்கும்போது உங்கள் காருக்கு நஷ்ட ஈடு கிடைக்காது.

கார் மேல் பாங்கு கடன் இருந்தால் ஆர்.சி.யிலேயே தெரியும். பாங்கின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வெளிமாநிலக் கார் என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. வர வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பர் போட வேண்டும், இங்கே வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். டெல்லிக் கார் மலிவு என்று மயங்குகிறவர்கள் இந்த வரியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை செய்து 5 வருஷத்துக்கு நீட்டலாம். 11 வயதுக் காரை வாங்கினால் உங்கள் கையில் இருப்பது முதலில் நான்கு வருஷம்தான். பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. 'அங்கீகாரச் சான்றிதழைக் காட்டுங்க' என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பிள்ளைகளின் நெஞ்சு

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் வகைப்படுத்தியது. கரி வடிகட்டி அடைத்துக் கொண்டால் சில ஒர்க்‌ஷாப்களில், "அக்கா, அதைக் கழட்டிப் போட்டுட்டா தொல்லையே இல்லை" என்பார்கள். சம்மதிக்கவே கூடாது. அது விதிக்கு மாறானது. அதோடு, கழற்றினால் அந்தக் கரி எங்கே போகும்? வாசலில் விளையாடும் குழந்தையின் மூக்குக்குத்தான். பெரியவர்களை விடக் குழந்தையின் முகம் சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கிறது அல்லவா? பார்க்கிற காரில் வடிகட்டியை முன்பே கழற்றி இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அடுக்களை ஜன்னலுக்குக் கீழே காரை உறும விட்டு நிறுத்தி வைப்பதையும் தவிருங்கள்.

பின் சீட்டில் பெல்ட் போடும் பழக்கம் நம்மிடம் இல்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மெர்ஸிடிஸ் காரில் போகும்போதுதான் விபத்தில் இறந்தார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை. எத்தனை விலை உயர்ந்த காராக இருந்தாலும் பெல்ட்டை நாம்தான் போட வேண்டும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவது வேண்டவே வேண்டாம். குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி பின் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய சொகுசு கார்களில் பலவற்றில் இந்த வசதி உண்டு. அது அவற்றுக்கு உள்ள நல்ல குணம்.

அப்படியானால் வாங்கலாமா?

மாதம் 1,500 கிலோ மீட்டருக்குக் குறையாமல் நெடுஞ்சாலை ஓட்டம் இருக்கிறதா? கம்பெனி சர்வீஸ் பதிவுகள் முழுசாக இருக்கின்றனவா? ஐந்தில் ஒரு பங்கு பணம் தனியாக இருக்கிறதா? நம்பகமான ஒர்க்‌ஷாப் சேலத்திலோ சென்னையிலோ தெரியுமா? நான்குக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமாக வாங்குங்கள். உறுதியான உடம்பு, நல்ல பிரேக், களைப்பில்லாத பயணம், எல்லாம் கிடைக்கும். ஒன்றுக்காவது 'இல்லை' என்றால் அதே பணத்துக்கு வாரண்டியோடு புதுச் சின்ன கார் வந்து விடும்.

நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரர் புரோக்கரைப் பார்க்கக் கிளம்பும்போது சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் பதில்களை எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்.